பிலோமியின் பதினேழாவது கேள்வி

என் பிரியமுள்ள பிலோமி,

நீ கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. உன் பெயரைச் சொன்னாலே என் வீட்டுக்காரர், உன் அண்ணன், பேச்சை மாற்றிவிடுகிறார். நான் அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் மனதுக்குள் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. இதை மட்டும் எழுதியே சொல்லத் தோன்றியது.

நாம் இருவரும் சேர்ந்து நம் ஆஸ்பத்திரிக்காகத் தொடங்கிய படிவம் முடிந்துவிட்டது. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கள் தங்கள் பொறுப்பைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் படிவம். முதல் சுற்று ஞாபகம் இருக்கிறதா? "நான் நியாயமாக டியூட்டி போடுகிறேனா? பொறுமையாக நடந்துகொள்கிறேனா?" என்றெல்லாம் கேட்டோம். பன்னிரண்டு பேரும் முழு மார்க் போட்டுக்கொண்டார்கள். நானுந்தான். திரேஸ்புரத்தில் உன் வீட்டில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிவிட்டு நீ சிரித்த சிரிப்பு!

"நம்ம ஆஸ்பத்திரியில அத்தன பேரும் வானத்துலேருந்து எறங்குன சம்மனசுங்கதான் போல, மைனி. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா இப்படித்தான் எழுதுவாங்க. என்ன செஞ்சீங்கன்னு கேக்கணும்."

தெம்பில்லாத நாட்களிலும் படுத்துக்கொண்டே கேள்விகளை மாற்றி எழுதினாய். பதினேழாவதை மட்டும் முடிக்கவில்லை. "தவறு நடந்தால் என்னிடம் சொல்ல என் நர்ஸ்கள் பயப்படுகிறார்களா?" அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி. என்ன நினைத்துச் சுழித்தாய்?

நீ போன பிறகு, பதில்கள் மாறாமல் நிற்கின்றனவா என்று பார்க்க அதே ஆட்களிடம் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை படிவத்தைக் கொடுத்தேன். மற்ற பதில்கள் அவ்வளவாக மாறவில்லை. பதினேழுக்கு மட்டும் முதலில் 'இல்லை' என்றவர்கள் அடுத்த முறை 'ஆமாம்' என்றார்கள். அலசிப் பார்த்துக் கொடுத்த நர்சிங் கல்லூரி ஆசிரியை, "இது நிக்கல சிஸ்டர், எடுத்துருங்க" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. அடுத்தவர் பயத்தை நாம் எப்படி அறிவோம்? நீ சொன்ன வழியிலேயே திருத்தினேன். "கடந்த மூன்று மாதத்தில் தன் தவறைத் தானே வந்து என்னிடம் சொன்னவர் யார்?" இப்போது இரண்டு முறை கொடுத்தும் அவரவர் பதில் மாறவில்லை.

என் பதிலும்தான். இரண்டு முறையும் 'யாருமில்லை.'

இருபத்திரண்டு வருட சர்வீஸ், பிலோமி! என் வார்டில் தவறே நடக்கவில்லை என்றா நினைத்திருந்தேன்?

மறுநாள் டியூட்டி மாறும் நேரத்தில் என் நர்ஸ்களிடம் அந்தத் தாளைக் காட்டினேன். "ஏன் யாரும் எங்கிட்ட சொல்ல மாட்டேங்கீங்க?" ஆத்தூர் செல்விதான், "போன வருசம் பேஷன்ட் முன்னால வச்சு என்னைய ஏசினீங்கள்லா, சிஸ்டர்..." என்று நிறுத்தினாள். எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே செல்வி ஓடி வந்தாள். "சிஸ்டர், ஆறாம் பெட்டு இன்சுலின எட்டாம் பெட்டுக்குப் போட்டுட்டேன். இப்பந்தான்."

ஏசவில்லை. இரண்டு பேரும் ஓடினோம். டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். சாயங்காலம் வரை அந்த எட்டாம் பெட் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தோம். நடந்ததை அவர் மகனிடமும் மறைக்கவில்லை. மறுநாள் அந்த அம்மா இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செல்வி சொல்லாமல் இருந்திருந்தால்?

இப்போது எல்லா வார்டிலும் நம் படிவம்தான். வரும் திங்கட்கிழமை வேறு ஆஸ்பத்திரி இன்சார்ஜ் சிஸ்டர்கள் இதைத் தெரிந்துகொள்ள வருகிறார்கள். எனக்குத் தயக்கமில்லை. அவர்களுக்குப் படிவம் கொடுப்பதற்கு முன், நான் 'யாருமில்லை' என்று எழுதிய தாளைத்தான் எடுத்துக் காட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் மைனி,
ஜெசிந்தா