தொடாமல் பத்து நிமிடம்

8.8.2011 திங்கள்
மழை. குடையை எங்கே விட்டேன், பஸ்ஸிலா? தெரியவில்லை.
ஸ்பிரிங்வேல் மருந்துக் களஞ்சியத்தின் பத்தொன்பது கணினித் திரைகளும் இப்போது புதிய ஐபி நெட்வேர்க் வழியாகப் பழைய மெயின்பிரேம் கணினியோடு பேசுகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் சோதித்தேன். சரி என்று கையெழுத்தும் போட்டாயிற்று. வெள்ளி பகல் 2 மணிக்கு, இதுவரை இருந்த பழைய லைன் துண்டிப்பு. பிறகு திரும்பிப் போக வழியில்லை.

9.8 செவ்வாய்
ஸ்பிரிங்வேல் களஞ்சியத்திலிருந்து ஜெயந்தி போன். ஓடர் பதிகிறவள்.
"அங்கிள், ஆஸ்பத்திரி ஓடர் பாதி அடிச்சிட்டு மருந்து எண்ணப் போனனான். வந்து பாத்தா லைன் இல்லை. அடிச்சது எல்லாம் போச்சு."
"எனக்கு ஒருக்காலும் அப்பிடி நடக்கேல்லையே, பிள்ளை."
"அப்ப லைனுக்கு உங்களைக் கண்டா மட்டும் மரியாதை போல."
சோதனைக் குறிப்புகளை மூன்று தரம் புரட்டினேன். பிழை இல்லை. அவளும் பொய் சொல்கிறவள் அல்ல.
வாங்க: பிரஷர் மாத்திரை, பாண், பட்டர், குடை (?)

10.8 புதன்
மனேஜர் கவிதாவிடம் இதைச் சொல்லப் போனேன். சென்னைப் பெண், என் மகள் வயது.
"சார், நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க? ஓகேதானே?"
"ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

11.8 வியாழன்
ஸ்பிரிங்வேல் போனேன். ஜெயந்திக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். வழக்கம்போல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்ரர் கீயைத் தட்டி, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.
"அங்கிள், அதைக் கொஞ்சம் சும்மா விடுங்கோவன். பாவம்."
கையை மடியில் வைத்தேன். பத்து நிமிடம். தட்டினேன். இணைப்பு இல்லை.
பேசாமல் இருக்கும் இணைப்பைப் புதிய நெட்வேர்க் வெட்டிவிடுகிறது. பழைய லைன் நாள் முழுக்கக் காத்திருக்கும். இங்கே காலையில் திறக்கும் திரையை மாலையில்தான் மூடுவார்கள். எனக்குத் தெரிந்த விஷயம். சோதனையில் பத்தொன்பதையும் அறாமல் வைத்திருந்தது என் விரல்.

12.8 வெள்ளி
வெயில். குடை மேசைக்கு அடியில்.
நேற்றே சொல்லியிருக்கலாம், துணிவு வரவில்லை. 1.10. கவிதாவின் அறை.
"நான் போட்ட கையெழுத்துப் பிழை."
"சார், இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல. இப்ப வந்து சொல்றீங்க?"
"உங்கட மேசைத் திரையும் புது நெட்வேர்க்தான். இதைப் பத்து நிமிசம் ஒருத்தரும் தொடாமல் இருப்பம். பிறகு நீங்களே தட்டிப் பாருங்கோ."
மணி பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். நானும் அருகில் உட்கார்ந்தேன். இதிலும் நான்தான் பிழையோ? ஆறு நிமிடம். ஏழு.
"சார், கை."
பார்த்தேன். என் விரல் என்ரர் மேல் இருந்தது. தட்டுமுன் எடுத்தேன்.