மண் என்று சொல்லக் கூடாது

2008 பெப்ரவரி 11, திங்கள்

இது பல்கலைக்கழகம் இல்லை. டொக்டராக முடியாமல் போனவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி ஏமாற்றுகிற வீடு. வெறும் வீடுதான். குண்டசாலைக்குப் போகும் வழியில், மகாவலி தெரிகிற மேட்டில், எந்தக் காலத்திலோ ஒரு தேயிலைத் துரை கட்டியது. வாசலில் பித்தளைப் பலகை: இயற்கை நலவியல் பல்கலைக்கழகம். அரசாங்கம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. "அங்கீகாரம் வரும், வரும்" என்கிறார் விவேகானந்தன் சேர். உபவேந்தர் அவர்தான். உடற்கூற்றியல் படிப்பிப்பதும் அவர்தான். நூலகம் என்றால் அவர் மனைவியின் அலுமாரி.

மாணவர் அட்டை கேட்டோம். அங்கீகாரம் வந்த பிறகு அச்சடிப்பாராம்.

ஏ.எல். பரீட்சையில் மருத்துவம் எனக்கு மயிரிழையில் போனது. அப்பா கம்பளையில் புடவைக் கடையில் சேல்ஸ்மன். "நம்ம வீட்டுலயும் ஒரு டொக்டர் வரப்போகுது" என்று சேலை விரிக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்காகத்தான் இங்கே இருக்கிறேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

பெப்ரவரி 20

இன்று உண்ணாநோன்பு சிகிச்சை. பட்டினி கிடந்தால் உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், நஞ்செல்லாம் வெளியேறும் என்று சேர் ஒரு மணி நேரம் உருகினார். பின்வரிசையில் சிவமணி கையைத் தூக்கினான். வவுனியாப் பையன். முழங்கை வரை மடித்த சட்டை, எப்போதும் பாதிச் சிரிப்பு.

"அப்பிடியெண்டா சேர், வன்னியில எங்கட சனமெல்லாம் இப்ப நல்ல சுகமா இருக்கினம், என்ன?"

சேர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 18

மண் சிகிச்சை செய்முறை. ஆற்றங்கரையில் வெட்டிய களிமண்ணைச் சலித்து, ஊறவைத்து, முகத்தில் விரலளவு தடிப்புக்குப் பூச வேண்டும். மண் காயும் வரை நோயாளி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உதட்டோரம் கீறல் விழும். சேர் வந்து குனிந்து பார்த்து, "கதைச்சிருக்கிறீர்" என்பார்.

அஸீமின் முகம் ஐந்து நிமிடத்தில் வெடித்த வயல் மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு வாய மூடிட்டு ஈக்க ஏலா சேர். உம்மா பெத்ததே அப்பிடித்தான்" என்றான். அலவத்துகொடவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவன். வழி முழுக்கத் தனக்குத் தானே பேசிக்கொண்டு வருவான் போல.

சிவமணி என்னிடம் சிங்களம் கேட்டான். "களிமண்ணுக்கு என்ன?"

"மெட்டி."

"காலில போடுறதோ?" காலைத் தூக்கி விரலை ஆட்டிக் காட்டினான். அதற்குச் சேர் கத்தியது அதிகம். மண், சேறு, மெட்டி – இந்தச் சொற்கள் ஒன்றும் இந்த வளாகத்தில் கேட்கக் கூடாதாம். "மண் எண்டு சொன்னா எவன் மதிப்பான்? கிளே. இங்கிலீசில கிளே எண்டு சொல்லிப் பழகுங்கோ."

மண்ணை மண் என்று சொல்ல வெட்கப்படுகிறவர் இயற்கை மருத்துவம் படிப்பிக்கிறார்.

ஏப்ரல் 25

மாணவர் அட்டை அச்சாகவில்லை. ஸ்டிக்கர் அச்சாகிவிட்டது. நகரத்தில் சேர் நடத்துகிற கிளினிக்குக்குப் போகும் மண் வாளிகளில் ஒட்டுவதற்கு. எல்லாம் ஆங்கிலத்தில், பெரிய சிவப்பு எழுத்து. காலையில் பூசுகிற மண்ணுக்கு "கிளே மோர்". மாலையில் பூசுவதற்கு "கிளே ஈவ்". மோர்னிங்கையும் ஈவினிங்கையும் வெட்டிச் சுருக்கியிருக்கிறார்.

அஸீம் வாளியைத் தூக்கி முகர்ந்தான். "எங்கடா மோர்? வெங்காயம், கொச்சிக்கா போட்டீக்கா?"

"பொறும், கொத்தமல்லி தூவ வேணும்" என்றான் சிவமணி.

அன்று முழுக்க அதுதான். யார் வாளியைத் தூக்கினாலும் "மோர், மோரேய்" என்று கூவினோம். சிரித்து வயிறு வலித்தது. இந்த வீட்டில் நான் சிரித்த ஒரே நாள்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் மொரட்டுவையில் பஸ்ஸுக்குக் குண்டு. பின்னேரம் பொல்கொல்லையில், பஸ்ஸில். பொல்கொல்லை நமக்கு எட்டிவிடும் தூரம். செத்தவர்கள் யார், வேலை விட்டு வீட்டுக்குப் போனவர்கள்தானே? இவர்களைக் கொன்று எவனுக்கு என்ன கிடைத்தது?

நான் இருக்கிற போர்டிங்கில் வீட்டுக்காரி சொன்னாள்: "மகள், இனி போன்ல தமிழ்ல சத்தமா கதைக்க வேணாம்."

என் பெயர் சந்திரிகா. அடையாள அட்டையைக் காட்டும் வரை சிங்களப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். சிங்களமும் அவர்களைப் போலவே பேசுவேன். சிவமணிக்கு இரண்டும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

சிவமணியைப் பிடித்துவிட்டார்கள்.

இன்று கிளினிக்குக்கு மண் கொண்டு போவது அவன் முறை. இரண்டு வாளி. ஈரச் சாக்கு சுற்றி, மேலே டேப் ஒட்டி. பாலத்தடிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். பின்னால் வந்த அஸீம் பார்த்திருக்கிறான்.

"ஆமிக்காரன் சாக்க விலக்கி ஸ்டிக்கர வாசிச்சான் புள்ள. எழுத்துக் கூட்டி வாசிச்சான். வாசிச்சிட்டுப் பின்னுக்குப் பாய்ஞ்சான். எல்லாரையும் ரோட்டுல குப்புறப் படுக்கச் சொன்னான். நானும் படுத்தேன்."

கிளே மோர்.

கிளைமோர்.

நாலு நாளாக வானொலியில் இந்தக் குண்டின் பெயரைத் தவிர வேறு சொல்லே இல்லையே! ஒன்றரை மாதம் அந்த ஸ்டிக்கரைக் கையால் தடவித் தடவி ஒட்டினோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மோர் என்றால் குடிக்கிற மோர்தானே எங்களுக்கு – வேற என்னத்த நெனைப்போம்? சிரிச்சோமே. ஐயோ, அத வச்சு சிரிச்சோமே.

ஜூன் 11

அஸீமும் நானும் பொலிசுக்குப் போனோம். ஓ.ஐ.சி., நிலையப் பொறுப்பதிகாரி, நடுவயது ஆள். என் சிங்களத்தைக் கேட்டு "நங்கி, உட்காருங்கள்" என்றார். அடையாள அட்டையைப் பார்த்த பிறகு நங்கி, தங்கச்சி எல்லாம் போய்விட்டது. ஆனால் கதிரையிலிருந்து எழும்பச் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும்.

வாளி ஓரமாக இருந்தது. ஸ்டிக்கரோடு. நான் விரலால் கொஞ்சம் எடுத்து என் புறங்கையில் பூசிக் காட்டினேன்.

"இது மெட்டி என்று எனக்குத் தெரிகிறது" என்றார். "நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. ஆனால் அவன் மெட்டி என்று சொல்லவில்லையே. என்ன இது என்று மூன்று தரம் கேட்டிருக்கிறார்கள். மூன்று தரமும் கிளே, கிளே என்றான். பொல்கொல்லையில் வெடித்து நாலு நாள். என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?"

சேர் அடித்தடித்துப் பழக்கிய சொல். பயத்தில் அதுதான் வாயில் வந்திருக்கிறது.

ஓ.ஐ.சி. வழி சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் நேரில் வந்து, இவன் என் மாணவன், இது என் மண் என்று சொன்னால் போதும். அனுப்பிவிடலாம். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து விசாரணை ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் பிறகு அவர் கையில் இல்லை.

இரண்டே வசனம். அவ்வளவுதான் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

"ஓம் பிள்ளை, நான் கதைக்கிறன். நீர் போய்ப் படியும்."

"எப்ப சேர்? நாளைக்கு கொழும்புல இருந்து வாறாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குது."

"சேர், ஒரு எட்டு வாங்க. அஸீம் வாகனம் பிடிச்சுட்டு வந்திருக்கான். வெளிய நிக்குது."

அவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார். பிறகு மெதுவாக, "என்ர பேரும் விவேகானந்தன்தான் பிள்ளை. அதையும் அவங்கள் வாசிப்பாங்கள். நாளைக்கு இந்த வாசலில வந்து நிண்டா, இது என்ன இடம், ஆர் அனுமதி தந்தது எண்டு கேப்பாங்கள். இருக்கிற பத்துப் பிள்ளையளையும் நான் பாக்க வேணும்" என்றார்.

அடுக்கிய தாள்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார். உண்மையாகவே பயப்படுகிறார். ஒரு கணம் எனக்குப் பாவமாக இருந்தது. வெளியே வந்து பித்தளைப் பலகையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

பத்து என்று எண்ணிவிட்டார். நாங்கள் பதினொரு பேர்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் களஞ்சிய அறையில் சேர் குந்தியிருந்தார். சுடுதண்ணீர்ச் சட்டி பக்கத்தில். மிச்ச வாளிகளிலிருந்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிராமலே சொன்னார்:

"இனி எல்லாரும் மண் எண்டே சொல்லுங்கோ. சிங்களத்தில மெட்டி."

பின்னேரம் பொலிசுக்கு ஓடினோம். மத்தியானமே கொண்டு போய்விட்டார்களாம். ஓ.ஐ.சி. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்கள் சேர் போனில் பேசினார். அந்தப் பையன் இடைக்கிடை வந்து போன நோயாளி என்றார். மண் எங்கே எடுத்தான் என்று தெரியாதாம்."

நோயாளி.



ஜூன் 14

வகுப்பு நடந்தது. நீர்ச் சிகிச்சை. சிவமணியின் கதிரையை யாரோ சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். நான் இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

சிவமணியின் அம்மா பத்மாதேவி வந்திருக்கிறார். வவுனியாவில் பயணப் பாஸ் எடுத்துப் புறப்படவே இத்தனை நாள். மகனைக் காலி நகரப் பக்கத்து முகாம் ஒன்றில் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போகும் வழியில், முதலில் பொலிசுக்கும் பிறகு என்னிடமும் வந்தார். ஒல்லியான மனுசி. பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"பிள்ளை, மறைக்காமல் சொல்லும். என்ர பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

எனக்கு விளங்கவில்லை.

"பொலிசில நோயாளி எண்டு சொல்லுறாங்கள். நீங்கள்தானாம் வைத்தியம் பாத்தனீங்கள். சின்னனில அவனுக்கு மூச்சிழுப்பு இருந்தது. பிறகு சுகமாப் போச்சு. திரும்ப வந்திட்டுதோ? என்னட்டச் சொன்னா நான் யோசிப்பன் எண்டு மறைச்சுப்போட்டானோ?" பையைத் திறந்தார். "மருந்து ஏதும் இருந்தாத் தாரும். குடுத்துவிடுறன்."

அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை அம்மா என்றேன். அவர் நம்பவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்து என் கையைத் தடவினார்.

சேரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் தியானத்தில இருக்கிறார்" என்றார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். அவசரமில்லை, முடியட்டும் என்றார். மழை வந்தது. தியானம் முடியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நான்தான் கூட்டிப் போனேன். பஸ் ஏறும்போதும் கேட்டார்: "இழுப்புத்தானே பிள்ளை? வேற ஒண்டும் இல்லையே?"

ஜூலை 20, கம்பளை

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். படிப்பை விடப்போகிறேன் என்றும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"எம்பத்தி மூணு கலவரத்துல எங்க மொதலாளி கடை எரியுறப்ப, எரிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். தெனம் டீக்கடையில பாக்குற ஆளு. சொன்னேனா? சொல்லல. அதுனாலதான் நீ பொறந்த. வாயப் பொத்திக்கிட்டு பட்டத்த வாங்கிட்டு வா புள்ள."

இப்படி எல்லோரும் வாயைப் பொத்தி வாழ்ந்த வாழ்வுதான் இது. நல்லாத்தான் இருக்கு.

ஆகஸ்ட் 9

பெரஹரா ஊர்வலம். சனத்தைவிட ஆமித் துவக்கு அதிகம். சிவமணியின் அம்மா எனக்குப் போன் எடுத்தார். முகாமில் மகனைக் காட்டினார்களாம், கம்பிக்கு அப்பால். மூச்சு நன்றாக விடுகிறானாம். "இழுப்பு இல்லைப் பிள்ளை" என்றார், சந்தோசமாக.

ஆகஸ்ட் 28

படிப்பை இன்னும் விடவில்லை. சனிக்கிழமை புது மாணவர் வருகிற நாள். பெற்றோரும் வருவார்கள். வருசா வருசம் உபவேந்தரே மேசையில் படுத்து மண் சிகிச்சை காட்டுவாராம். பூசுவதற்கு என்னைக் கூப்பிட்டார். "உம்மட கைதான் மெதுவான கை" என்றார். சரி என்றேன். அஸீம் என்னை முறைத்தான்.

ஆகஸ்ட் 30, சனி

மண்டபம் நிறைந்திருந்தது. புதிதாக ஒன்பது பேர், கூட அம்மா அப்பாமார். அங்கீகாரம் இந்த வருசம் நிச்சயம் என்று சேர் பேசினார். "மண்தான் எங்கட மருந்து. மண்ணை மண் எண்டு சொல்லக் கூச்சப்படக் கூடாது" என்றார். கை தட்டினார்கள்.

பிறகு படுத்தார். நான் நெற்றியில் தொடங்கினேன். கண் இமையை விட்டு, கன்னம், மூக்கின் இரு பக்கம், தாடை. கடைசியாக உதட்டைச் சுற்றி. விரலளவு தடிப்பு, ஓரம் பிசிறாமல். அவர் படிப்பித்தபடியே. காயும் வரை நோயாளி வாய் திறக்கக் கூடாது என்று சபைக்கு விளக்கினேன். திறந்தால் எங்கே கீறல் விழும் என்று விரலால் தொட்டும் காட்டினேன்.

மின்விசிறியைப் போட்டார்கள். மண் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மண் முழுக்க வெளுத்தது. காய்ந்துவிட்டது, இனிப் பேசலாம் என்று சபைக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகக் கேட்டேன்:

"சேர், சிவமணி எங்க பதினோராவது மாணவன். இந்த மண்ணைத்தான் கிளினிக்குக்குக் கொண்டு போனான். பாலத்தடியில பிடிச்சாங்க. அவன் என் மாணவன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

யாரோ ஒரு தகப்பன் எழுந்து நின்றார். சேரின் மனைவி என் பெயரைச் சொன்னார், தாழ்ந்த குரலில். அஸீம் கதவை மூடிவிட்டு அதில் சாய்ந்து நின்றான்.

சேரின் மூடிய இமைக்குள் கண் ஓடியது. கேட்டிருக்கிறது.

குனிந்தேன். உதட்டோரம் பார்த்தேன்.

"சொல்லுங்க சேர். மண் காஞ்சிருச்சு. சொல்லுங்க."

ஒரு கீறலும் விழவில்லை.