தண்டால் எடுத்த தோள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பதறாமல் படி. போன மாதம் கிடங்கில் ஏணி சறுக்கி விழுந்தேன். வலது தோள் மூட்டு கொஞ்சம் விலகிவிட்டது. "இனிமே உன்னால பெட்டி தூக்க முடியாது, ஊருக்குக் கெளம்பு" என்றார் சூப்பர்வைசர். நான் கிளம்பவில்லை.

நேற்று கட்டைப் பிரித்த டாக்டரம்மா தோளை அழுத்திப் பார்த்தார்.

"சதை நல்லா உரமா இருக்கு. அதான் சீக்கிரம் தேறுது. என்ன பண்ணுவ?"

"தண்டால் எடுப்பேன்."

"தண்டால் எடுக்குற பொண்ண எவன் கட்டுவான்?" என்று வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவாயே, அதே தண்டால்தான். தோள் முழுசாகத் தேறட்டும், மறுபடியும் எடுப்பேன். எவனும் கட்டாவிட்டால் போகட்டும்.

அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. சமைப்பது, துணி துவைப்பது எல்லாம் இடது கையாலேயே ஆகிறது. வலது கை இன்னும் தலைக்கு மேல் எழும்பவில்லை, அதனால் பின்னல்தான் போட முடியவில்லை. பெரிய கிளிப் இரண்டு அனுப்பு. "பேசாம வெட்டிக்கயேன்" என்கிறாள் அறையில் கூட இருப்பவள். மாட்டேன் என்றுவிட்டேன்.

தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதம் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் ஊருக்கு வருவதற்குள் கை நன்றாக எழும்பிவிடும்தான். ஆனாலும் நீதான் பின்னிவிட வேண்டும்.

உன் மகள்