பின்வருவனவற்றுள்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
மே 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கதிரவன் எழுதுகிறேன். ஆமாம், நான்தான். இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரி எழுதினேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கூலர் பம்ப் போய்விட்டது, நானே மாற்றினேன். நலம் அவ்வளவுதான்.

நான் காலேஜை விட்டு நின்ற நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. பதினாலு மாசம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மலை ராணுவ முகாமிலிருந்து போன் வந்தால் அம்மாவுக்கு இரண்டு நிமிஷம், தங்கச்சி கவிக்கு இரண்டு நிமிஷம், லைன் கட். இந்த விஷயம் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

கவிப்ரியாவின் நுழைவுத் தேர்வு பதினைந்தாம் தேதி. யுனிவர்சிட்டியில் அவள் ஆசைப்படுகிற கோர்ஸுக்கு அந்த ஒரு தாள்தான். கணக்கு, பொது அறிவு, ரீசனிங், நாட்டு நடப்பு எல்லாம் கலந்து ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம். ஒரு கேள்வி ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்கும். அடுத்தது எந்த நதி எந்த மாநிலத்தில் என்று கேட்கும். அதற்கடுத்தது போட்டோவில் இருப்பவன் உனக்கு என்ன உறவு என்று கேட்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் ஆறு மாசமாக இங்கிலீஷில் பயிற்சி செய்தாள். நாற்பத்தி இரண்டு, நாற்பத்தி மூன்று சரியாக வந்துகொண்டிருந்தது. சீட் நிச்சயம் என்று நானே நம்பினேன். எதையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை நான்.

நாலு நாளைக்கு முன் ஹால் டிக்கெட் வந்தது. வினாத்தாள் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருக்கிறது.

ஃபார்ம் போட்டது நான்.

கரோல் பாகில் நான் வேலை பார்க்கிற கடையில் வேலையே அதுதான். இந்த சீசனில் நானூறு பிள்ளைகளுக்கு ஃபார்ம் போட்டிருப்பேன். ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்பேன், மீடியம் க்யா, எந்த மொழி என்று. மதராஸி பையாவுக்குப் பைத்தியம் என்று சிரிப்பார்கள். ஒன்றுகூடத் தப்பானதில்லை. கவியை மட்டும் கேட்கவில்லை. நம் வீட்டு ஃபார்ம்தானே என்ற நினைப்பு. மேலே தாய்மொழி என்று ஒரு கட்டம், கீழே வினாத்தாள் மொழி என்று ஒரு கட்டம். இரண்டிலும் தமிழை அழுத்திவிட்டேன்.

என்னை ஸ்கூலில் சேர்த்தபோது தாய்மொழி என்ற இடத்தில் ஹிந்திக்கார கிளார்க் மதராஸி என்று எழுதியதும், நீங்கள் யூனிஃபார்மோடு திரும்பிப் போய் அதை அடிக்க வைத்ததும் நம் வீட்டில் நூறு தடவை பேசியாகிவிட்டது. "மொழின்னு எங்க கேட்டாலும் தமிழ்னு போடு, யோசிக்காத" என்பீர்கள். யோசிக்கவில்லை. பழியை உங்கள் மேல் போடவில்லை அப்பா. விரல் எங்கே பழகியது என்று சொல்கிறேன்.

திருத்துவதற்குக் கொடுத்த நாட்கள் போன மாசமே முடிந்துவிட்டன. ஹெல்ப்லைனில் நாற்பது நிமிஷம் மியூசிக் கேட்டேன். ஒருத்தர், பக்கத்திலேயே இங்கிலீஷும் வரும், கவலைப்படாதே என்றார். சந்தேகத்தில் மறுபடி போட்டேன். ஒரு பெண், ஹால் டிக்கெட்டில் இருக்கிற மொழிதான் வரும் என்று வைத்துவிட்டாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. கவி இதைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அனுப்புவதற்கு முன் ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினேன். போட்டோவில் மூக்கு பெரிதாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அச்சா, ஓகே என்றாள். "நான்தான் சரியா பாக்கல அண்ணா" என்று நாலு நாளாக அழுகிறாள். அம்மாவும் அவளைத்தான் பிடித்துக்கொண்டாள். "அந்த நேரத்துல கண்ணு எங்கடி இருந்துச்சு" என்று. நான் அங்கேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

என்னைத் தமிழ்ப் பள்ளியில் போட்டீர்கள், அவளை சென்ட்ரல் ஸ்கூலில் போட்டீர்கள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும், அவ்வளவுதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் தினமும் நான் ஐம்பது கேள்வியைத் தமிழில் அடித்துக் கொண்டுவருகிறேன். காலை ஐந்தரைக்கு உட்காருகிறோம். முதல் நாள் தனிவட்டிக் கணக்கில் அசல் என்று வந்தது. அவளுக்குத் தெரிந்தது ஹிந்தி அசல். "அசல்னா ரியல் தான? அப்ப டூப்ளிகேட் எவ்வளவு?" என்றாள். பகா எண் என்றால் யாரோடு பகை என்று கேட்டாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாள். கணக்கெல்லாம் தெரியும் அப்பா அவளுக்கு. கணக்கின் பெயர்தான் தெரியவில்லை.

உறவுக் கேள்வியில் மட்டும் பறக்கிறாள். இங்கிலீஷில் அங்கிள் என்றால் எந்த அங்கிள் என்று படம் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் சித்தப்பா என்றதுமே பாதி விடை வந்துவிடுகிறது. "இதுல மட்டும் நம்ம பாஷை சூப்பர் அண்ணா" என்றாள். ஐம்பதில் அது மூன்று கேள்வி.

மற்றதில் பாதி 'பின்வருவனவற்றுள்' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு சொல்லைப் படிக்க அவளுக்கு ஏழு செகண்ட். வாட்ச் வைத்துப் பார்த்தேன். பின், வரு, வன, வற், றுள். முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறாள். அதனால் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் சொல்லைப் படிக்காதே, அது எப்போதும் அதுதான். கடைசியையும் படிக்காதே, அங்கே 'எது' என்றுதான் இருக்கும். நடுவில் இருப்பதைப் பிடி, நேரே விடைக்குப் போ. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்பது கேள்வி தொட்டவள் இன்று இருபத்தி ஆறு தொட்டாள். முப்பத்தைந்தை எட்டினால் ஒரு வழி இருக்கிறது.

இது மலை ஏறி உங்கள் கைக்கு வருவதற்குள் தேர்வு முடிந்திருக்கும். அதனால்தான் எழுதவே தைரியம் வந்தது. இந்த வீட்டில் படிப்பை விட்டது நான் ஒருத்தன் போதும்.

கதிரவன்


மே 15, சாயங்காலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முடிந்துவிட்டது. முந்தைய கடிதம் வந்ததோ இல்லையோ, இதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுத உட்கார்ந்தால் மாற்றி எழுதிவிடுவேன்.

சென்டர் ஊரின் அந்தக் கோடியில். மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. கேட்டில் அவள் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாற்பத்தி நாலு டிகிரி. ஒரு பந்தலும் கிடையாது, அப்பா அம்மாக்கள் எல்லாம் சுவரோரம் நிழல் நகர நகரக் கூடவே நகர்ந்துகொண்டிருந்தார்கள். நானும் நகர்ந்தேன்.

வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ் பக்கத்தில் வரவில்லையாம், முழுக்கத் தமிழ்தானாம். ஆனாலும் முப்பத்தி ஆறு கேள்வி தொட்டுவிட்டாளாம். என் கையைப் பிடித்து அந்த ரோட்டிலேயே குதித்தாள். ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அப்பா, பத்து நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வர பஸ் ஏறினோம். என்னென்ன கேட்டார்கள் என்று நான்தான் கிளறினேன். இந்தியாவின் பக்கத்து நாடு ஒன்று கேட்டிருந்தானாம். "லூசுத்தனமான கொஸ்டின் அண்ணா. நாலு ஆப்ஷன்ல நேபாளம், பூட்டான், மியான்மர் மூணுமே சரிதான. ஃபர்ஸ்ட் இருந்த நேபாளத்தப் போட்டேன்" என்றாள். நாலாவது என்ன என்று கேட்டேன். தாய்லாந்து. பகா எண்ணிலும் அப்படித்தானாம், மூன்று சரியாக இருந்ததாம். இன்னும் ஏழெட்டு கேள்வி அதே மாதிரியாம். கேள்வி போட்டவனுக்கு மூளை இல்லை என்று நினைத்தாளாம்.

அண்டை நாடு அல்லாதது எது. பகா எண் அல்லாதது எது. இங்கிலீஷில் அந்த 'நாட்' நடுவில், பெரிய எழுத்தில், கறுப்பாக இருக்கும். தமிழில் அது கடைசியில் 'எது'வை ஒட்டி நிற்கும். நான் அடித்துக் கொடுத்த கேள்வி ஒன்றில்கூட 'அல்லாதது' வைக்கவில்லை. கடைசியைப் படிக்காதே என்று வேறு சொன்னேன்.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கடைசில ஏதோ நீளமா இருந்துச்சு அண்ணா. நீ வேணாம்னு சொன்னல்ல" என்றாள். திட்டவில்லை. அப்படியே சொன்னாள். தப்புக்கு மார்க் கழிப்பார்கள். ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகும். எனக்குத் தேவையில்லை, தெரிந்துவிட்டது.

அதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. ஃபார்மில் தமிழ் போட்டது நான், உன் கண் மேல் தப்பே இல்லை என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். அவள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை காட்டிக் கொடுக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "இத்தன நாளா அந்தப் பொண்ண ஏசவிட்டுப் பாத்துட்டு இருந்தியேடா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கவி ரூமைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். கம்மல் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. கொடுக்கப் போக முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவிக்கு எழுதும் கடிதங்களை அவள் ஒருநாளும் தானாகப் படித்ததில்லை. அம்மாவும் நானும் மறைத்துவிட்டோம், உங்கள் மனசு கஷ்டப்படும் என்று. பக்கத்தில் உட்காரவைத்து நான்தான் படித்துக் காட்டுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் உன் அண்ணனை மாதிரி ஆகிவிடாதே என்று எழுதுவீர்கள். அந்த வரியையும் நான்தான் படிப்பேன். ஒரு தடவைகூட விட்டுவிட்டுப் படித்ததில்லை.

இப்போது என் வாயால் அவள் எதையும் கேட்க மாட்டாள். அதனால் இந்த ஒரு தடவை அவளுக்கு ஹிந்தியில் எழுதுங்கள் அப்பா. கோபப்படாதீர்கள். ரூமைச் சாத்திக்கொண்டு அவளே படிக்கட்டும். தப்பு அவளுடையது இல்லை என்று எழுதுங்கள். அடுத்த வருஷமும் தேர்வு இருக்கிறது, நான் இருக்கிறேன் என்று எழுதுங்கள். நான் சொன்னால் எடுபடாது.

தனியாக ஒரு தாளில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம். திட்டாக இருந்தாலும் சரி, கடைசி எழுத்து வரை படிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே குளிரும்.

உங்கள் மகன்,
கதிரவன்