ஹர்ஷிதா கேட்ட பன்னு

அன்புள்ள தேஜுவுக்கு அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இன்று கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், உன் தங்கையும் மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள், அதனால்தான் மெயில்.

ஹர்ஷிதாவுக்கு வலது கன்னம் கண்ணுக்குக் கீழே வரை வீங்கிவிட்டது, காய்ச்சலும் விடவில்லை. கொண்டாப்பூருக்கு வந்ததிலிருந்து அவள் வாயில் தெலுங்குதான் முதலில் வருகிறது என்று உனக்குத் தெரியும். போன மாதமெல்லாம் ஸ்கூல் விட்டு வந்ததும் வாயைக் காட்டி "பன்னு, பன்னு" என்று சிணுங்குவாள். பசி என்று நினைத்து அப்பா பேக்கரியில் பன் வாங்கி வருவார், நான் சர்க்கரை போட்ட பாலில் ஊறவைத்து ஊட்டுவேன். துப்பினால், கேட்டதும் நீ, வேண்டாங்கிறதும் நீயா என்று அதட்டுவேன். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு பத்மஜா இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அய்யோ சுமதிகாரு, பன்னு அண்டே உங்க தமிழ்ல பல்லு" என்றாள். குழந்தையின் வாய்க்குள் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நாங்கள் கெஞ்சியும் திறக்காத வாய், பல் டாக்டர் ஷோபா "நோரு தெருவு பங்காரம்" என்று தெலுங்கில் கொஞ்சியதும் திறந்தது. சின்னக் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். கடைவாயில் எல்லாம் சொத்தை, மேலே வலப்பக்கம் வேர்வரை போய்ச் சீழ் கட்டியிருக்கிறது. அப்பா, "பால் பல்லுதானே டாக்டர், விழுந்துடும்ல" என்றார். பத்து வயது வரை அதில்தான் சார் மெல்ல வேண்டும், விழுகிற வரைக்கும் வலிக்காதா என்றார் அவர். யார் தேய்த்துவிடுகிறீர்கள் என்று கேட்டபோது நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளேதான் தேய்ப்பாள், பேஸ்ட் வாசனை வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

மருந்துக்கு வீக்கம் வடியாவிட்டால் நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மயக்கம் கொடுத்துப் பல்லை எடுக்க வேண்டுமாம். வடியவில்லை தேஜு. அதற்குள் வலி கூடினால் காத்திருக்காமல் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். கூடியிருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். வலியைச் சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறாள், என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டாள். காலேஜ் சிநேகிதிகளோடு பேசிய தெலுங்கு உனக்கு மறந்திருக்காது. இங்கே மணி என்ன என்று பார்க்காதே, வீடியோவில் கூப்பிட்டு அந்த பாஷையிலேயே கேள். அவள் முன்னால் கண் கலங்காதே. என் மனசு கஷ்டப்படும் என்று எதையும் குறைத்தும் சொல்லாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, தெய்வம் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும். மறந்துவிடாதே, எவ்வளவு வலிக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன் அம்மா,
சுமதி