முன்சக்கரத்தில் சாளை எண்ணெய்

அண்ணா,

என் கையில் இருந்து அந்த மணம் போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டேன், சாம்பல் வைத்துத் தேய்த்தேன். சாளை மீனை உருக்கி எடுத்த எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் விடுமா? சமையலறையில் சின்ன விளக்கை மட்டும் போட்டு இதை எழுதுகிறேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

நாளைக் காலையில் உன் வண்டியை வாங்க ஆள் வருகிறான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரன். ஓட்டிக்கொண்டே போய்விடுவேன் என்று போனில் சொல்லியிருக்கிறான். அவன் அதை ஓட்டக்கூடாது. ஏன் என்று அப்பாவுக்குத் தெரியவும் கூடாது.

நீ அந்த இத்தாலி வண்டியைக் கொண்டுவந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். கப்பல் வேலையில் போன ஏதோ ஒரு துறைமுகத்தில் பார்த்து ஆசைப்பட்டு, கடைசியில் பெங்களூரில் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கி, அங்கிருந்தே ஓட்டி வந்தாய். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏலே, இது பைக்கா டிராக்டரா? ஏறணும்னா ஏணி வேணுமே."

"ஏணிய நீரு கொண்டு வாரும் மாமா, ஒம்ம நான் ஏத்திக் காட்டுதேன்."

பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, எவ்வளவு வேகம் போகும் என்று மெல்லக் கேட்டார். "நீங்க ஜெபிக்கிற அளவுக்குப் போவும் சாமி" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

உன் பின்னால் உட்கார்ந்தால் மதில்களுக்கு மேலே எல்லா வீட்டு முற்றமும் தெரியும். முன்கண்ணாடி காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிடுவதால் நான் முணுமுணுத்தால்கூட உனக்குக் கேட்கும். மெதுவாகப் போனால்தான் பாடு. எஞ்சின் சூடு காலைச் சுடும், பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். புதுக்கடைச் சந்தையில் இரண்டு பக்கப் பெட்டிகளோடு மாட்டிக்கொண்டு நின்றோமே, "பெட்டிய கழத்தித் தலையில வச்சிட்டுப் போயேம்லே" என்று மீன்காரி கத்தினாளே! நீ காது வரை சிவந்துபோனாய். ஒடிந்த கிளட்ச் பிடி ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தாய். அப்போதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. "நிக்கச்சில எரும, ஓடச்சில வள்ளம் மக்கா" என்பாய், அப்பாவின் மீன்பிடிப் படகைக் காட்டி. உண்மைதான். பெரிய ரோட்டில் ஏறியதும் அத்தனை பாரமும் எங்கே போனதென்றே தெரியாது.

நீ வேகக்காரன் இல்லை. வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் கடல்மணல் பாதை. அதில் கால்பிரேக்கை மட்டும் மிதித்து, நடப்பவர்களைவிடப் பைய உருட்டுவாய். "மணல்ல முன்பிரேக்கத் தொடப்படாது. தொட்டா வண்டி படுத்திரும்." ஒருநாள் நான் எண்ணெய்த் துணியோடு முன்சக்கரத்துப் பக்கம் போனபோது துணியைப் பிடுங்கி எறிந்தாய். "ஏட்டி, அந்தத் தட்டு ரெண்டுலயும் எண்ண படப்படாது. பிரேக்கு அதப் புடிச்சாத்தான் வண்டி நிக்கும். பிரேக்குக் கட்ட எண்ணயக் குடிச்சிட்டுன்னா கழுவினாலும் நம்பப்படாது, மாத்தணும்." என்னிடம் நீ கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில் வண்டியோடு விழுந்து நீ போனபிறகு, ஊர் முழுக்க ஒரே பேச்சு, வேகம் என்று. அம்மாகூட அதைத்தான் சொல்கிறாள். காவல் நிலையத்திலிருந்து வண்டி திரும்பி வந்தது. நசுங்கிய கைப்பிடிக் காப்பும் கீறல்களும் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா கொட்டகைப் பக்கம் திரும்புவதே இல்லை.

இன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொட்டகையில் அந்த மணம். அப்பா எண்ணெய் டப்பாவோடு குந்தியிருந்தார்.

"என்ன செய்யுதிய அப்பா?"

"உப்புக்காத்து மக்களே. நம்ம வள்ளத்துக்க எஞ்சினுக்குப் போடாம இருப்பனா? கொண்டு போறவன் பாத்தா, நல்லா வச்சிருக்கினும்ணு சொல்லணும்."

விரலில் எண்ணெய் தொட்டு முன்சக்கரத்துத் தட்டுகளில் தடவினார், குழந்தைக்குத் தடவுவதுபோல.

"அப்பா, அந்தத் தட்டுல…"

"அதுதான் மக்களே முதல்ல துரு புடிக்கும். அண்ணன் போனதுக்கு முந்தின நாளும் நான்தான் போட்டுக் குடுத்தேன். அவன் ஒறங்கிட்டான், அவனுக்குத் தெரியாது. கண்ணாடி கணக்கா மின்னிச்சி. எனக்க மவன் கடைசியாட்டு ஏறச்சில அதுல ஒரு பொட்டுத் துரு கிடையாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இன்றுதான்.

விடியுமுன் நீ புறப்பட்டாய். இருட்டில் தட்டின் மினுக்கம் தெரிந்திருக்காது. மணல்பாதையில் முன்பிரேக்கைத் தொட்டிருக்கமாட்டாய். ரோட்டில் ஆளும் இருந்திருக்காது. முதன்முதலாக முன்பிரேக்கைப் பிடித்தது அந்த இறக்கத்தில்தான் இருக்கும். நாய் குறுக்கே வந்திருக்கலாம், வேறு எதுவும் நடந்திருக்கலாம் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை.

இருட்டியதும் அப்பாவும் அம்மாவும் அன்பியக் கூட்டத்துக்கு ஜெபிக்கப் போனார்கள். தலைவலி என்று நான் இருந்துகொண்டேன். பெட்ரோல் நனைத்த துணியால் தட்டுகளைத் துடைத்தேன். ஆனால் கட்டைகள் குடித்ததை நான் எப்படி எடுப்பேன்? உன் கருவிப் பையில் இருந்த சின்னச் சாவியால் இரண்டு சக்கரத்திலும் காற்றடைக்கும் வால்வின் ஊசியைக் கழற்றினேன். காற்று சீறிய சீறலில் தெருவே ஓடிவரும் என்று வாசலையே பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. மேலே தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

காலையில் டெம்போ கொண்டுவந்துதான் ஏற்றவேண்டும். ஆர்.சி. புத்தகம் எடுக்க அப்பா உள்ளே போவார். அந்த நேரத்தில் அவனிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். "உப்புக்காத்துல முன்பிரேக்குக் கட்ட கெட்டுப்போச்சு அண்ணா. மாத்தாம ஓட்டாதீங்க." எண்ணெய் என்ற சொல் வரக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்வதை அவன் கேட்பானா? சிரித்துவிட்டு அப்பாவிடமே கேட்டுவிட்டால்?

இன்னொன்றும் இருக்கிறது அண்ணா. இனி யார் உன்னை வேகக்காரன் என்று சொன்னாலும் நான் பேசாமல் நிற்கவேண்டும். நீ எப்படி ஓட்டுவாய் என்று தெரிந்தும் நிற்கவேண்டும். அப்பாவுக்காக என்றால் நீ சரி என்றுதான் சொல்வாய். ஆனாலும் உன்னிடம் கேட்காமல் எனக்கு மனம் வரவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

"யாரது, இன்னும் ஒறங்கலியா மக்களே?"

"படிக்கேன் அப்பா."

"விளக்க அணச்சிட்டுக் கிட. காலத்த ஆளு வரும்."

எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். இரண்டு ஊசிகளும் என் பாவாடை நாடாவில் முடிந்திருக்கின்றன. நகத்தளவுகூட இல்லை. அவற்றிலும் சாளை எண்ணெய் மணக்கிறது.