பூட்டு விழாத கீல்

மில்பிடாஸில் எங்கள் வீட்டருகே இருக்கும் ஹார்டுவேர் கடையில், ஏணிகள் அடுக்கிய வரிசைக்குள் நுழைந்தாலே புது ரப்பர் வாசனை அடிக்கிறது. ஏணிக் கால்களில் மாட்டிய ரப்பர்தான். மூன்று சனிக்கிழமைகளாகப் போகிறேன். ஏணியைத் தொட்டுப் பார்க்கிறேன், விரிக்கிறேன், மடக்குகிறேன், வெறுங்கையோடு திரும்புகிறேன். மாடிப்படிக்கு மேலே விளக்கு போய் ஒரு மாதமாகிறது. "ஒரு லேடர் வாங்க மூணு வாரமா கவி?" என்கிறார் என் கணவர் பாலா. அவரிடம் காரணத்தைச் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

முன்பு காப்பெல் என்ற ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோமே, அப்போது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஓர் ஏணி போதும் என்று நீதான் முடிவு செய்தாய். உன் வீட்டு அலமாரியின் உயரம், என் காரின் டிக்கி நீளம், கூரை எத்தனை அடி எல்லாம் உன் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது. கடையில் ஒவ்வோர் ஏணியாகத் தூக்கிக்கொண்டு வரிசையின் கோடி வரை நடந்து திரும்பினாய். ஃபைபர் ஏணி கனம் என்று வைத்துவிட்டாய். குழாய்க்குள் குழாய் இறங்கும் ஏணியைப் பார்த்து, "இது விரலை நசுக்கிப் போடும் புள்ள" என்றாய். "நம்ம ரெண்டு பேர்ல யாரு வேணாலும் தூக்கற மாதிரி இருக்கோணும். ஆம்பளைங்க ஊர்ல இல்லாதப்ப யாரைத் தேடறது?"

கடைசியில் நாலாக மடியும் அலுமினிய ஏணியை எடுத்தோம். கூடாரம் போல நிற்கவைக்கலாம், நீட்டிச் சுவரில் சாய்க்கலாம், படிக்கட்டில் ஒரு பக்கத்தை மட்டும் குட்டையாக்கலாம். மடியும் இடத்தில் இரண்டு பக்கமும் கீல். விரித்ததும் இரண்டிலும் 'டக்' என்று பூட்டு விழ வேண்டும்.

அந்த டிசம்பரில் என் மாமியார் மதுரையிலிருந்து வந்திருந்தார். எனக்கு நேரம் சரியில்லை. அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டேன், அவருடைய மாத்திரைச் சீட்டைத் தொலைத்துவிட்டேன். "கவனமே இல்லாத பொண்ணு" என்பது வீட்டில் தினமும் கேட்கிற வார்த்தை ஆகியிருந்தது. உனக்கோ நல்ல நேரம். ஏழு வருடம் காத்திருந்து வொர்க் பர்மிட் வந்து, வேலையும் கிடைத்து, அடுத்த திங்கள் சேர வேண்டும். மாமியார் அறைக்குத் திரைக்கம்பி மாட்ட உதவிக்கு வந்தாய்.

ஏணியை விரித்தது நான்தான். ஒரு பக்கம் 'டக்' என்றது. மறுபக்கம் சத்தம் வரவில்லை. அது என் காதுக்குத் தெரியும். சமையலறையில் பால் பொங்குவது போல இருந்தது, அங்கே ஓட வேண்டும். நிற்கிறதே, போதும் என்று நினைத்தேன். நீ நாலாவது படியில் கையை உயர்த்தியபோது ஏணி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு சாய்ந்தது. இடது கையை ஊன்றி விழுந்தாய்.

மாமியார் ஓடி வந்தார். "ஏணியை ஒழுங்கா வச்சியா இல்லையா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் உன்னைத் தூக்கக் குனிந்தேன். தரையில் கிடந்தபடியே நீ சொன்னாய்: "அவ மேல ஒண்ணும் இல்லீங்கம்மா. என் கால்தான் வழுக்கிருச்சு." சொல்லும் முன் அந்தக் கீலை ஒரு தடவை பார்த்தாய். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் என்னைத் தின்றது அந்தச் சந்தேகம்தான்.

மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு வேலையில் சேர முடியவில்லை. அவர்கள் காத்திருக்காமல் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வேலை கிடைக்க உனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள், "வா, மேல இருக்கற ஸ்மோக் அலாரத்துக்கு பேட்டரி மாத்தோணும், நீ ஏணியைப் புடிச்சுக்கோ" என்று கூப்பிட்டாய். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "பேச்சு அப்புறம். ஏணியைப் புடி" என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை. நாங்கள் இங்கே மாறி வந்தோம். இரண்டு வருடம் முன்பு, நோய் என்று தெரிந்த மூன்றே மாதத்தில் நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் உன் கணவர் முரளி அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அந்த வரிசையில் நின்றபடி அவருக்கு போன் செய்தேன். நம் ஏணி எத்தனை அடி என்று கேட்கத்தான். அவர் கராஜுக்குள் போய் அளந்துகொண்டிருக்கும்போதே, "அண்ணா, அன்னிக்கு அவ கால் வழுக்கல. நான்தான் லாக் சரியா போடல" என்று சொல்லிவிட்டேன்.

அளக்கும் டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. "தெரியும்மா" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கார்லயே சொல்லிட்டா. 'அந்த வீட்ல அவளுக்கு ஏற்கெனவே பேச்சு ஜாஸ்தி, நீங்க எதும் கேட்டு வெச்சுராதீங்க'ன்னா."

"உங்களுக்குக் கோவமே வரலயா?"

"வந்துச்சு. ஆறு மாசம் உங்க வீட்டுப் பக்கமே நான் வரல, கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். ஆபீஸ் வேலை என்று நினைத்திருந்தேன்.

"அவளுக்கு?"

"அவளுக்கு மட்டும் வராதா? வேலை போச்சுன்னு மெயில் வந்த அன்னிக்கு உக்காந்து அழுதா. உன்னை எருமைன்னா, கண்ணு தெரியாத கழுதைன்னா. ஒரு மணி நேரம் திட்டினா. அடுத்த நாள் உனக்குப் பருப்பு சாதம் குடுத்துட்டு வர்றேன்னு ஒத்தக் கையோட கிளம்பிட்டா."

ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்கே நாலாக மடியும் ஏணி ஒன்றை வாங்கினேன். கூட்டிப்போக வந்த பாலாவிடம் காரிலேயே சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, "எங்கம்மாவுக்குப் பயந்தா இத்தனை வருஷம் இதை வச்சிருந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வண்டியைத் திரும்ப எடுத்தார். மாமியாரிடம் நானே சொல்வதாக இருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

மனம் அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. நீ மன்னித்துவிட்டாய் என்று நினைத்தால் நெஞ்சு இன்னும் கனக்கிறது. நீ அழுததை நினைத்தால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத் திட்டு இருக்கிறதே, அது எனக்கு வர வேண்டியது. சமைக்கும்போதும் கார் ஓட்டும்போதும் உன் குரலிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எருமை. கண்ணு தெரியாத கழுதை. முரளி அண்ணாவுக்கு அந்த இரண்டுதான் நினைவிருக்கிறது. மிச்சத்தையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.